இடது பக்கத்துப் பட்டன்

எதைச் சொன்னாலும் நான் தப்பாகத்தான் சொல்வேன் என்று எனக்கே தெரியும், முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் போய்விடும், பின்னால் வர வேண்டியது முதலிலேயே வாயில் வந்து விழும், கேட்கிறவர் முகம் லேசாகச் சுருங்கினால் போதும், நடுவில் இருந்ததெல்லாம் மறந்துவிடும், அதனால்தான் காலையில் சங்கு ஊதியதிலிருந்து மனசுக்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஐயா, என் பெயர் துளசிமணி. இந்தக் கம்பெனியில் பதினோரு வருஷமாக பிரஸ் மெசின் ஓட்டுகிறேன். போன வியாழக்கிழமை எனக்குப் பக்கத்து மெசினில் அம்சவேணிக்கு இடது கையில் இரண்டு விரல் போனது அவள் தப்பு இல்லை. அவ்வளவுதான் விஷயம். மூன்று வரி. மூன்று வரியைச் சொல்ல ஒரு மனுஷிக்கு இத்தனை நேரம் ஒத்திகை வேண்டுமா என்றால், எனக்கு வேண்டும். பத்து மணிக்கு ஆடிட்டர் வருகிறார், நாங்கள் மோட்டார் தகடு அடித்து அனுப்புகிற பெரிய கம்பெனியிலிருந்து, சேஃப்டி பார்க்க. பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுப் பேசுவார், அது நீங்கதானுங்க்கா என்று நேற்றே சொல்லிவிட்டார் சூப்பர்வைசர் சென்னியப்பன். அவருக்கும் எனக்கும் ஒரே வயசு, நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அக்கா என்பார், இரண்டு பேருமே சின்னவர்களாக இருந்துகொள்வோம். "அம்சா அவளாத்தான் கட்டிக்கிட்டா, எங்களுக்கெல்லாம் ட்ரெயினிங் குடுத்திருக்காங்க, இது ரண்டு மட்டும் சொன்னாப் போதுமுங்க்கா. மூணாவது வார்த்தை வேண்டாம்." எனக்கு மூன்றாவது வார்த்தைதான் வேண்டும். நான் சொல்லத்தான் போகிறேன். தகடு. கை வெளியே. இரண்டு பட்டன். டொம்.

இன்றைக்கு இரண்டு பட்டனையும் அமுக்கி ஓட்டுகிறோம், ஆறு மெசினும், கல்யாண வீட்டில் புதுச்சேலை கட்டின மாதிரி கொஞ்சம் கூச்சத்தோடு. தகட்டை டை என்கிற இரும்பு அச்சில் வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், அப்புறம் இடது கையால் இடது பச்சைப் பட்டன், வலது கையால் வலது பச்சைப் பட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மேல் டை இறங்கும். இரண்டு கையும் பட்டன் மேல் இருக்கும்போது விரல் எப்படிப் போகும்? போகாது. மெசினைச் செய்தவன் புத்திசாலி. எங்களுக்கு அவனைவிடப் புத்தி ஜாஸ்தி. இடது பட்டனைச் சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டிவிட்டால் மெசினுக்கு இடது கை எப்போதும் பட்டன் மேலேயே இருப்பதாக நினைப்பு, வலது பட்டனை மட்டும் தட்டினால் இறங்கும், இடது கை சும்மா கிடக்கிறதே, அது அடுத்த தகட்டை எடுத்து வைக்கும், கோணலாக உட்கார்ந்தால் தட்டிச் சரிசெய்யும், நாள் முடிவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு தகடு. இடது கை உள்ளே இருக்கும்போது வலது கை தட்டிவிட்டால்? தட்டாது என்று ஒரு தைரியம். நம் கைதானே, ஒரு கை இன்னொரு கைக்கு அப்படிச் செய்யுமா என்று. ஆடிட் நாளில் மட்டும் காலையிலேயே சென்னியப்பன் ஆறு ரப்பரையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், கார் கேட்டைத் தாண்டியதும் திரும்பக் கட்டுவார், இது எங்களுக்குப் பொங்கல், ஆயுத பூஜை மாதிரி ஒரு வழக்கம், யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் புது ஷூ கொடுத்திருக்கிறார்கள். எனக்கு வந்தது ஆம்பிளை அளவு. உள்ளே பேப்பர் திணித்துப் போட்டிருக்கிறேன், நடந்தால் சரக் சரக் என்கிறது.

மூன்றாவது வார்த்தை என்னவென்றால் புளியங்கொட்டை. இங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன், எத்தனை தடவை முதலிலிருந்து ஆரம்பித்தாலும் வண்டி இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ரப்பர் மட்டும்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள், அது வழுக்கும், பட்டன் மேலே எழும்பிவிடும், மெசின் நின்றுவிடும், சென்னியப்பன் ஆணி வைத்துப் பார்த்தார், தகட்டுத் துண்டு வைத்துப் பார்த்தார், எல்லாம் நழுவியது. நான்தான் சொன்னேன், "அண்ணா, புளியங்கொட்டை வெச்சுக் கட்டிப் பாருங்க." எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் டிபன் டப்பாவில் ஒரு பிடி கொண்டுவந்தேன், சாம்பாருக்குப் புளி கரைக்கும்போது எடுத்துப் போட்டு வைத்தது. பட்டனுக்கும் ரப்பருக்கும் நடுவில் ஒரு கொட்டை, அது அசையவே இல்லை, பட்டனுக்காகவே மரத்தில் காய்த்த மாதிரி. "துளசியக்கா இன்ஜினியருக்குப் படிச்சிருக்கோணும்" என்று அம்சவேணிதான் முதலில் கை தட்டினாள். ஆறாம் வகுப்போடு நின்றவளை இன்ஜினியர் என்றார்கள், அந்த வாரம் முழுக்க நான் நிமிர்ந்து நடந்தேன், வீட்டில் கூடச் சொன்னேன். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெசினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தபோது யாரோ அந்தக் கட்டுக்கும் ஒரு பொட்டு வைத்தார்கள். பொட்டோடு அது ஒரு மாசம் இருந்தது. அப்புறம் புதுசாக வருகிற ஒவ்வொருத்திக்கும் கட்டிக் காட்டுவது என் வேலையாகிவிட்டது. அம்சவேணி இரண்டாம் மெசினிலிருந்து நாலாம் மெசினுக்கு மாறி வந்த அன்றைக்கு அவளுக்குக் கட்டிக்கொடுத்தது யார்? நான். இந்தக் கையால். இதை ஆடிட்டரிடம் எந்த இடத்தில் சொல்வது, ஆரம்பத்திலா, கடைசியிலா? ஆரம்பத்தில் சொன்னால் அப்படியென்றால் நீதான் காரணம் என்று அதோடு நிறுத்திக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் ஆனது. வகுப்பில் இருந்த உலக உருண்டை உடைந்து கிடந்தது, யார் உடைத்தது என்று வாத்தியார் கேட்டார், நான் பார்த்திருந்தேன், எழுந்து நின்று நேற்றைக்கு மழை பெய்ததிலிருந்து ஆரம்பித்தேன், ஜன்னல் சாத்தப் போனதைச் சொன்னேன், மேஜை மேல் ஏறினதைச் சொன்னேன், உடைத்தவள் பெயருக்கு வருவதற்குள் அடி விழுந்துவிட்டது. எனக்குத்தான். தகடு. கை வெளியே. இரண்டு பட்டன். டொம். இன்றைக்கு அடி விழுந்தாலும் விழட்டும், பெயர் வரைக்கும் போய்விடுவேன்.

என்னுடைய பெயர் ஒன்று, சென்னியப்பன் பெயர் ஒன்று, அதற்கு மேலே இத்தனை தகடு வேண்டும் என்று போர்டில் எழுதுகிறவர் பெயர் ஒன்று, அது எனக்குத் தெரியாது, மாடியில் இருக்கிறார். வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளை முடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வாயில் இன்னும் மோர் வாசனை. அம்சவேணி எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள், அவள் மாமியார் புதுசாகப் பல் செட் வாங்கி அதைப் போடாமல் பீரோவில் பூட்டி வைத்திருக்கிற கதை, சிரித்தபடியே தகட்டை வைத்தாள், டொம் என்றது, டொம் எப்போதும் போலத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை, சத்தத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அவள் கத்தவில்லை. "அக்கா, கொஞ்சம் வேஸ்ட் குடுங்க" என்றாள். வேஸ்ட் என்றால் எண்ணெய் துடைக்கிற நூல் உருண்டை, ஒரு நாளைக்குப் பத்து தடவை கேட்பாள், நான் பார்க்காமலேயே எடுத்து நீட்டுவேன். அன்றைக்கும் பார்க்காமலேயே நீட்டினேன். அவள் வாங்கவில்லை. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் எல்லாரும் ஓடி வந்தார்கள், யாரோ ஐஸ் என்றார்கள், யாரோ வண்டி என்றார்கள், சென்னியப்பன் ஓடி வந்தார், வந்தவர் முதலில் அவள் கையைப் பிடிக்கவில்லை, இடது பட்டனில் இருந்த ரப்பரை உருவினார். நான் பார்த்தேன். இது நிஜம். கோயிலில் வைத்துக் கேட்டாலும் சொல்வேன். ரப்பரை உருவினதும் கொட்டை தெறித்து உருண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டி என் பக்கம் வந்தது, வந்ததும் நான் அதன் மேல் காலை வைத்துக்கொண்டேன்.

காலை எதற்கு வைத்தேன்? இத்தனை நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில் கேட்கிறேன், குளிக்கும்போது கேட்கிறேன், பாத்திரம் கழுவும்போது விரல்களை ஒவ்வொன்றாகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே கேட்கிறேன். ஒரு மனுஷி அங்கே கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், என் காலுக்கு என்ன வேலை? மனசு நினைப்பதற்கு முன்னால் கால் போய்விட்டது. அப்படியென்றால் அவள் கையும் அப்படித்தானே போயிருக்கும், மனசு நினைப்பதற்கு முன்னால். இதைத்தான் அந்த மாடி ஆபீஸில் யாரும் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறார்கள், கவனக்குறைவு என்று ஒரே வார்த்தையில் எழுதிவிட்டார்கள். கவனமாக இருங்கள் என்று சுவரெல்லாம் எழுதி வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் கையை உள்ளே விட்டு எடுக்கிறவளுக்கு எத்தனை தடவை கவனம் இருக்கும்? என் பெண்ணுக்குப் பிரசவத் தேதி நெருங்குகிறது, கேஸ் அடுப்பை அணைத்தேனா, அணைத்தேன், திரும்பிப் போய்ப் பார்த்தும் வந்தேன், ஆனாலும் அணைத்தேனா. மனசு என்றால் இப்படித்தான் சுற்றும், அது சுற்றாமல் இருந்தால்தான் டாக்டரிடம் போக வேண்டும். மெசின்தான் ஐயா கவனமாக இருக்க வேண்டும். என் மனசு எங்கே போனாலும் என் கையை விட்டுவிடாத மெசின். அதைத்தான் மெசினைச் செய்தவன் இரண்டு பட்டன் வைத்துச் செய்து கொடுத்தான், அதைத்தான் நான் புளியங்கொட்டை வைத்துக் கெடுத்தேன். இது நன்றாக வந்தது. இதை இப்படியே சொல்ல வேண்டும். மறந்துவிடக் கூடாது. மறந்துவிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன், அப்புறம்தான் உரிக்க இரண்டு கை வேண்டுமே என்று உறைத்தது, நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் உரித்து வைத்தேன். அம்சவேணி கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்திருந்தாள். "இனி எனக்கு எட்டோட கணக்கு முடிஞ்சுதுங்க்கா, ஒம்போதாம் வாய்ப்பாடு கேக்காதீங்க" என்றாள், சிரித்தாள், நான் சிரிக்கவில்லை என்று என்னைத் திட்டினாள். அப்புறம் குரலை இறக்கி, "ஆபீஸ்ல இருந்து பேப்பர் கொண்டுட்டு வந்தாங்க. நானே கட்டிக்கிட்டேன், யாரும் சொல்லல, அப்படின்னு எழுதியிருக்குது. படிச்சுப் பாத்துட்டுத் தாரேன்னு வாங்கித் தலகாணிக்கு அடியில வெச்சிருக்கறேன். கையெழுத்துப் போட்டா வேலைக்குத் திரும்ப எடுத்துக்குவாங்களாமா, மெசின் பக்கம் போகாத வேலை. போடலைன்னா..." என்றாள். "இருந்தாலும் நான் பண்ணாததை நான் பண்ணினேன்னு எப்படிங்க்கா எழுதித் தர்றது? நீங்க பாத்தீங்கல்ல?" பார்த்தீங்கல்ல என்றாள், கட்டினீங்கல்ல என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இத்தனை பாரம் இல்லை. சாத்துக்குடித் தோலைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தேன் அம்மிணி, சொல்றேன்" என்றேன். சொல்றேன் என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிற அந்தப் பேப்பர்தான் நிஜமாகிவிடும், காலத்துக்கும் அவள்தான் காரணம் என்றாகிவிடும்.

கையெழுத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா. நான் சேஃப்டி கமிட்டி மெம்பர். மார்ச் மாசம் சேஃப்டி வாரத்தில் உறுதிமொழி எடுக்கும்போது நான் கணீரென்று சொன்னேனாம், அதனால் போட்டார்கள். கமிட்டி கூடினதே இல்லை. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை ஒரு நோட்டு வரும், எழுதாத பக்கத்தில் கீழே துளசிமணி என்று போடுவேன், சுழித்து, அழகாக, ணி-யின் கொக்கியை நன்றாக வளைத்து. மேலே என்ன எழுதிக்கொண்டார்களோ. கேட்டிருக்க வேண்டாமா? கையெழுத்துக் கேட்கிறார்களே என்ற சந்தோஷத்தில் போட்டேன், என்னையும் ஒரு ஆளாக மதித்து நோட்டை நீட்டுகிறார்களே என்று. இதோ, வாசலுக்கு நேரே பச்சை போர்டு தொங்குகிறது, விபத்தில்லா நாட்கள் என்று, நேற்று நானூற்றுப் பதினொன்று, இன்றைக்குக் காலையில் வாட்ச்மேன் ஸ்டூல் போட்டு ஏறி நானூற்றுப் பன்னிரண்டாக மாற்றினார். வியாழக்கிழமைக்கு அடுத்த நாள் கூட மாற்றினார், நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவள் விரல் அந்தக் கணக்கிலேயே இல்லை. வாட்ச்மேனிடம் கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணு கூட்டச் சொல்லியிருக்காங்கம்மா, அழிக்கச் சொல்லல" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இல்லை, அவரையும் சொல்லலாம். எல்லாரையும் சொல்லலாம், என்னில் ஆரம்பித்து. தகடு. கை வெளியே. இரண்டு பட்டன். டொம். பாருங்கள், இவ்வளவு நேரம் நான் எங்கெங்கோ போய்விட்டு வந்தேன், பத்து விரலும் இருக்கிறது.

கார் வந்துவிட்டது. வெள்ளைக் கார். மெலிந்த மனிதர், தலையில் மஞ்சள் ஹெல்மெட், கையில் அட்டை, மேனேஜர் ஒரு பக்கம், சென்னியப்பன் இன்னொரு பக்கம். போர்டைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், எழுதுகிறார். தீயணைக்கிற சிவப்பு உருளையைத் தொட்டுப் பார்க்கிறார், எழுதுகிறார். முதல் மெசின். இரண்டாம் மெசின். மெசின்தான் ஐயா கவனமாக இருக்க வேண்டும், அப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும், இல்லை, பெயரில் ஆரம்பிக்க வேண்டும். நாலாம் மெசின் முன்னால் ஒரு நிமிஷம் கூட நிற்கவில்லை, அதில் வேறு ஒரு பெண் உட்கார்ந்து ஓட்டுகிறாள். என்னிடம் வந்துவிட்டார். நல்ல முகம்தான். "இவங்கதானுங்க சார் கமிட்டி மெம்பர்" என்கிறார் சென்னியப்பன். "வருஷத்துக்கு எத்தனை ட்ரெயினிங்?" என்று ஆடிட்டர் கேட்கிறார், "நாலுங்க சார்" என்று சென்னியப்பன் சொல்கிறார். ஆடிட்டர் எழுதுகிறார். அப்புறம் என்னைப் பார்த்து, "குடிக்கத் தண்ணியெல்லாம் நல்லா வருதாம்மா?" என்கிறார். தண்ணியா? நான் ஒத்திகை பார்த்ததில் தண்ணி இல்லவே இல்லை. "வருதுங்க" என்கிறேன், வாய் தானாகச் சொல்லிவிட்டது, பிறகு அவசரமாக, "ஐயா, என்ற பேரு துளசிமணி, நாலு வருஷத்துக்கு முன்னால புளியங்கொட்டை..." என்கிறேன், கடவுளே, பின்னால் வர வேண்டியது முன்னால் வந்துவிட்டது, மேனேஜர் சிரிக்கிறார், ஆடிட்டரும் புரியாமல் கூடச் சேர்ந்து சிரிக்கிறார். "பரவால்லம்மா, வேலையைப் பாருங்க, மெசின் கிட்ட நிக்கும்போது பேச்சு வேண்டாம், அதுவே ஒரு சேஃப்டிதான்." நகர்ந்துவிட்டார். முதுகைப் பார்த்து, "அம்சவேணி தப்பு இல்லீங்க" என்கிறேன், சத்தமாகத்தான் சொல்கிறேன், ஆறு மெசினும் டொம் டொம் என்கின்றன. மாடிப்படி ஏறுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் காபி போகிறது. அப்புறம் கார் போகிறது.

என் முறை வந்தது, தண்ணியைப் பற்றிக் கேட்டார்கள், முடிந்துவிட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை, காது மட்டும் சுடுகிறது. சென்னியப்பன் வருகிறார். ஆறு ரப்பரையும் மணிக்கட்டில் வளையல் மாதிரிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு மெசினாகக் கட்டிக்கொண்டே வருகிறார். "புளியங்கொட்டைன்னீங்களே பாக்கோணும், எனக்கு உசுரே போயிருச்சுங்க்கா" என்று சிரிக்கிறார், கோபம் கூட இல்லை. நாலாம் மெசினில் கட்டுகிறார். அந்த மெசினில், அந்த இடது பட்டனில். அதில் உட்கார்ந்திருக்கிற பெண் நகர்ந்து இடம் கொடுக்கிறாள். என்னிடம் வருகிறார். "எனக்கு வேண்டாமுங்கண்ணா" என்கிறேன். "நீங்களே வேண்டாம்னா எப்படி? காலைல பூரா ரண்டு கையில ஓட்டி எத்தன தகடு கொறஞ்சிருக்குது தெரியுமா? மதியத்துக்குள்ள புடிக்கோணும்." "எனக்கு வேண்டாம்னா வேண்டாம். அவளுக்கும் வேண்டாம், அவுத்துருங்க." "அக்கா, மேல இருந்து பாத்துட்டு இருக்காங்க, போங்க, போய் ஓட்டுங்க" என்று என் மெசினிலும் கட்டிவிட்டார், நடுவில் ஒரு கொட்டை, இரண்டு சுற்று, ஒரு முடிச்சு. நான் கற்றுக்கொடுத்த முடிச்சு. சொல்லிப் பார்த்தாகிவிட்டது. சொல்வது எனக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் வரவில்லை, இங்கேயும் வரவில்லை, வராததைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் மாரடிப்பது. நான் எழுந்து சுவரோரமாக நடக்கிறேன், ஷூ சரக் சரக் என்கிறது, அங்கே இரும்புப் பெட்டி, ஆறு மெசினுக்கும் கரண்ட் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான், எலக்ட்ரீசியன் எப்படித் திறப்பார் என்று பதினோரு வருஷமாகப் பார்த்திருக்கிறேன். கைப்பிடியைக் கீழே இழுக்கிறேன். ஆறு சக்கரமும் மெதுவாகச் சுற்றி, இன்னும் மெதுவாகச் சுற்றி, நிற்கின்றன. இவ்வளவு அமைதி இந்த ஷெட்டில் இருக்கும் என்று எனக்குத் தெரியாது, வெளியே யாரோ கீரை விற்கிற சத்தம் கேட்கிறது. கைப்பிடி கீழே இருந்தால்தான் கதவு திறக்கும், திறக்கிறேன், வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை மூன்று, ஒவ்வொன்றாக உருவுகிறேன், வெதுவெதுப்பாக இருக்கின்றன, சேலைக்கு மேலே போட்டிருக்கிற கம்பெனிக் கோட்டுப் பையில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் இரண்டு. "அக்கா, என்ன பண்றீங்க, அதத் தொடாதீங்க, குடுங்க இங்க" என்று சென்னியப்பன் ஓடி வருகிறார். "தர்றனுங்கண்ணா. ஆறையும் அவுத்துட்டு வாங்க, தர்றேன்." "மேனேஜரக் கூப்புடட்டுமா?" "கூப்புடுங்க. மாடியில இருக்கறவங்க எல்லாத்தையும் கூப்புடுங்க." அவர் என் பையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், ஒரு பெண்பிள்ளையின் பையில் கைவிட முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரிகிறது. நாலாம் மெசினில் இருந்த பெண் எழுந்து வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். மாடியில் கதவு திறக்கிறது, செருப்புச் சத்தம் இறங்குகிறது. நான் என் ஸ்டூலைப் பெட்டிக்குக் கீழே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொள்கிறேன்.